ஸ்டிக்கர் உரித்த ஹார்ட் டிஸ்க்

எங்கள் பக்கம் ஈஸ்டருக்கு முன்வரும் தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. அதனால் அது தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய வாரங்களில் மாப்பிள்ளைகளும் பெண்களும் ஒருவரையொருவர் முண்டியடித்துக்கொண்டு கோயிலுக்குள் நுழைவார்கள். காலையில் ஒரு கல்யாணம், மத்தியானம் வேறு ஊரில் வரவேற்பு, மறுநாள் இன்னொன்று. என் வீட்டுக்காரர் கேமராவைத் தோளில் தூக்கினால் சாம்பல் பூசிக்கொள்ளத்தான் இறக்கி வைப்பார். அதற்குப் பிறகு என் முறை. ஊரெல்லாம் உபவாசம் இருக்கும் காலம் முழுக்க நான் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து வெட்டி ஒட்டிக்கொண்டிருப்பேன். ஈஸ்டர் முடிந்ததும் அடுத்த கூட்டம் கிளம்பிவிடும், அதற்குள் பழைய கணக்கெல்லாம் முடிந்தாக வேண்டும்.

இராஜாக்கமங்கலத்தில் எங்கள் வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. பின்னறையில் ஒரு சர்வர் ஓடுகிறது. கல்யாணத்துக்கு முன்னால் நான் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அந்தக் கம்பெனி கடையைக் கட்டியபோது இந்தப் பெட்டி என்னிடம் வந்து சேர்ந்தது. போட்டால் போதும், வீடே அதிரும்படி இரையும். "உனக்க பிள்ளை அழுவுது, போய்ப் பாரு" என்பார் வீட்டுக்காரர். அழட்டும், எனக்கென்ன. அதற்குள் நாலு ஹார்ட் டிஸ்க். எந்தப் படத்தை ஏற்றினாலும் நாலிலும் பங்குபோட்டு எழுதிக்கொள்ளும். ஒரு டிஸ்க் செத்தாலும் மற்ற மூன்றும் சேர்ந்து முழுப் படத்தையும் தந்துவிடும். இரண்டு செத்தால் மட்டும் எதுவும் மிஞ்சாது.

அந்த வருடம் தவக்காலத்துக்கு முன்னால் எடுத்த கடைசிக் கல்யாணங்களில் ஒன்று கடியப்பட்டணத்தில். பெண்ணின் அப்பா இல்லை. அம்மைதான் எல்லாம். மீன் வியாபாரம் செய்து பிள்ளைகளை வளர்த்தவர். அந்தத் தொண்டைக்கு மைக் தேவையில்லை, பந்தலின் இந்த மூலையில் நின்று அந்த மூலையில் பரிமாறுகிறவனை அதட்டுவார். மகன் கல்ஃபில். லீவு கிடைக்காததால் தங்கச்சி கல்யாணத்துக்கு வரவில்லை. "எல்லாத்தையும் எடுங்க அக்கா, அண்ணன் பாக்கணும்" என்று கல்யாணப் பெண் முகூர்த்தப் பட்டைக் கட்டிக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

அதனால் நான் இரண்டாவது கேமராவை எடுத்துக்கொண்டு பந்தி நேரத்திலும் சுற்றினேன். அந்த அம்மை நேரே என் கேமராவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"ஏட்டி, அந்த எளவுப் பொட்டியத் தூக்கி வச்சிட்டு வந்து ரெண்டு வாய் சோறு தின்னு. படமா உனக்குச் சோறு போடும்?"

கல்யாண வீட்டில் எளவு என்று சொன்னதற்குப் பக்கத்தில் நின்ற கிழவி ஒருத்தி உச்சுக்கொட்டினாள். அவர் அவளையும் ஒரு பிடி பிடித்தார். "வாறேன் அம்மா" என்று சிரித்துவிட்டு நான் தொடர்ந்து எடுத்தேன். அடுத்து வேறு இடத்தில் வரவேற்பு இருந்தது. சாப்பிடாமலே வண்டி ஏறிவிட்டோம். போகிற வழியில் வீட்டில் நிறுத்தி, கேமரா கார்டுகளை சர்வரில் இறக்கி, அழித்து, மறுபடி கேமராவில் போட்டோம். அந்த நெருக்கடியில் எல்லா ஸ்டுடியோவும் செய்கிற வேலைதான் அது.

கல்யாண வீட்டுக்கு முதலில் போவது போனில் பார்க்கிற சின்ன வீடியோ. அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேச்சு, இரைச்சல், பாத்திரச் சத்தம் எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு மேலே ஒரு பாட்டை ஓடவிடுவோம். எல்லாருக்கும் அதுதான் பிடிக்கும். பெண் நடந்து வருவாள், பூ விழும், சொந்தக்காரர்கள் வாயசைப்பார்கள், பாட்டு மட்டும் கேட்கும். அதைச் செய்து அனுப்பினேன்.

தவக்காலம் தொடங்கிக் கொஞ்ச நாளில் அந்தப் பெண் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, அம்மைக்கு வலப்பக்கம் ஒக்க தளர்ந்துபோச்சு. ஆஸ்பத்திரியில இருந்து நேத்துதான் கொண்டு வந்தோம். உயிருக்குப் பயமில்லன்னு சொன்னாவ. ஆனா பேச்சு இல்ல."

என்னால் நம்ப முடியவில்லை. அந்தத் தொண்டையா?

மறுநாள் கல்ஃபிலிருந்து அவள் அண்ணன் கூப்பிட்டான். முகம் தெரியாத பையன். சுற்றி வளைக்காமல் கேட்டான்.

"அக்கா, நீங்க அனுப்புன வீடியோல அம்மை பேசுது. வாய் அசையிறது தெரியுது. சத்தம் பாட்டுதான் கேக்கு. அந்தப் பாட்ட எடுத்துவிட ஒக்குமா?"

போனில் தினமும் பேசியிருப்பானே, பழைய குரல் எதுவும் இல்லையா என்று கேட்டேன். "அம்மைக்கு மெசேஜ் அனுப்பத் தெரியாது அக்கா. கூப்பிடும், சண்ட போடும், வச்சிரும்" என்றான். உண்மைதான். தினம் பேசுகிற பேச்சை யார் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள்?

"கவலைப்படாத மக்கா. முழுப் படத்துல எல்லாச் சத்தமும் அப்படியே இருக்கு. எடுத்துத் தாறேன்" என்றேன். அன்று சாயங்காலமே கோடை மழை இடியோடு இறங்கியது. எங்கோ பக்கத்தில் ஒரு இடி விழுந்தது. லைட் அணைந்தது. பின்னறையில் என் பிள்ளை அழுகையை நிறுத்தியது.

கரண்டு வந்த பிறகு போட்டுப் பார்த்தால் நாலு விளக்கில் இரண்டு எரியவே இல்லை. அந்த இரண்டு டிஸ்க்கையும் உருவி மோந்து பார்த்தேன். தீய்ந்த வாடை. ஹார்ட் டிஸ்க்கின் அடியில் உள்ளங்கை அளவு பச்சை போர்டு ஒன்று திருகி வைத்திருப்பார்கள். திருகைக் கழற்றிப் பார்த்தால் இரண்டு போர்டிலும் மிளகளவு கறுப்பு. இடி அங்கேதான் இறங்கியிருந்தது. படம் இருக்கும் தகடுகள் உள்ளே பத்திரமாகத்தான் இருக்கும். அதைப் படிக்கிற போர்டுதான் செத்துவிட்டது. இரண்டில் ஒன்றை எழுப்பினால் போதும், மூன்றாகிவிடும், எல்லாம் திரும்பி வரும்.

நான் இதை யோசித்துக்கொண்டிருக்கையில் வீட்டுக்காரர் பைக்கை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போய் ஒரு புது டிஸ்க்கோடு வந்து நின்றார். முகமெல்லாம் வெற்றி.

"அதே கம்பெனி, அதைவிடப் பெருசு. புத்தம் புதுசு. மாட்டு."

"உங்களுக்கு மண்டையில ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். "புது டிஸ்க் காலி டிஸ்க். கடியப்பட்டணத்துக் கல்யாணம் இதுக்குள்ள எப்படி வரும்? அதுவும் இது வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ளது. சர்வர்ல நுழையும், விளக்கும் எரியும், மத்ததோட சேர்ந்து வேலை மட்டும் செய்யாது."

அவர் டிஸ்க்கைப் பீரோவுக்கு மேல் வைத்துவிட்டு, சாயா குடிக்கப் போய்விட்டார். போகட்டும் என்று விட்டேன்.

எனக்கு வேண்டியது அச்சு அசல் அதே மாதிரி டிஸ்க். கம்பெனி பெயர் ஒத்துப்போனால் போதாது, அளவும் போதாது. மாடல் எண் ஒக்க வேண்டும், அதைவிட முக்கியம், அடியில் உள்ள போர்டின் எண் ஒக்க வேண்டும். அந்தப் போர்டை எடுத்து, செத்த போர்டில் இருக்கும் ஒரு சின்ன சிப்பை இதில் மாற்றி ஒட்டி, பழைய டிஸ்க்கில் திருக வேண்டும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் அதனதன் உள்விவரம் அந்தச் சிப்பில்தான் இருக்கிறது. இதெல்லாம் பெரிய ரகசியம் இல்லை, பழைய கம்பெனியில் செய்து பார்த்ததுதான். ஆனால் இந்த மாடலைத் தயாரிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். திருவனந்தபுரத்தில் கேட்டேன், இல்லை. சென்னையில் ஒருவர், "எல்லாம் ஒண்ணுதாம்மா, அனுப்பி வைக்கிறேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் போனைக் கட் செய்துவிட்டேன். எல்லாம் ஒன்று என்றால் எதற்கு இத்தனை எண்களை அச்சடித்து ஒட்டுகிறார்கள்?

கல்ஃபில் இருந்த பையனிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவன், "இங்க பழைய கம்ப்யூட்டர் சாமானுக்குன்னு ஒரு தெருவே கெடக்கு அக்கா. எனக்கு அடுத்த வாரம் லீவு. என்ன மாதிரி வேணும்னு படம் எடுத்து அனுப்புங்க" என்றான். செத்த டிஸ்க்கின் லேபிளையும் அடியில் உள்ள போர்டையும் படமெடுத்து, ஒக்க வேண்டிய எண்களில் வட்டம் போட்டு அனுப்பினேன். இரண்டு நாளில் ஒரு டிஸ்க்கின் படம் வந்தது. போனைக் கண்ணோடு ஒட்டி வைத்து எண்ணுக்கு எண் பார்த்தேன். எல்லாம் ஒத்தது. "ஒண்ணு கெட்டா இன்னொண்ணு இருக்கட்டும்னு வேற கடையில ரெண்டாவதும் வாங்கிட்டேன், அவன் இதும் அதுதான்னு பறஞ்சான்" என்றான். சந்தோஷத்தில் அன்றைக்கு வீட்டுக்காரரிடம்கூட நல்லபடியாகப் பேசினேன்.

திருவனந்தபுரத்தில் விமானம் இறங்கி எங்கள் ஜில்லாவுக்குள் வருகிற எவரும் கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையைத் தாண்டித்தான் வர வேண்டும். சிப்பை மாற்றி ஒட்டத் தெரிந்த ஒரு செல்போன் கடையும் அங்கேதான் இருந்தது. அதனால் அந்தக் கடையிலேயே காத்திருந்தேன். டாக்ஸி வந்து நின்றது. மேலே கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. ஒல்லியாக ஒரு பையன் இறங்கி, "அக்காதானே?" என்று கேட்டு, பையைத் திறந்து, கம்பளிப் போர்வைக்குள் கைவிட்டு இரண்டு டிஸ்க்கையும் எடுத்து என் கையில் வைத்தான்.

இரண்டும் அம்மணமாக இருந்தன. லேபிள் இல்லை, ஒரு எழுத்து இல்லை. பசை தடவிய பிசுக்கு மட்டும் இருந்தது. பக்கவாட்டில் தூசி புகாமல் அடைத்திருக்கும் வெள்ளிப் பட்டையைக்கூட விடாமல் உரித்திருந்தான்.

"லேபிள் எங்கடே?"

"உரிச்சிட்டேன் அக்கா." பெருமையாகச் சொன்னான். "புதுசா தெரிஞ்சா கஸ்டம்ஸ்ல புடிச்சு வச்சிருவாவ, பழசு மாதிரி ஆக்கிக் கொண்டு போன்னு ரூம்ல எல்லாரும் சொன்னாவ. வெந்நீர்ல துணிய நனச்சு வச்சு பைய பைய உரிச்சேன்."

எங்கள் ஜில்லாக்காரனைத் தவிர வேறு யாருக்கும் இந்தப் புத்தி வராது. கல்ஃபிலிருந்து வரும் எந்தச் சாமானும் எங்கள் வீடுகளுக்கு அதன் சட்டையோடு வந்ததில்லை. போர்வைக்கு லேபிளைக் கிழிப்பார்கள், மிக்ஸிக்கு அட்டைப்பெட்டியைத் தூக்கிப்போடுவார்கள், என் நாத்தனாருக்கு வந்த அயர்ன்பாக்ஸில் வேண்டுமென்றே ஒரு கீறல் போட்டுக் கொண்டுவந்தார்கள். அதெல்லாம் சரி. இவன் பழைய சாமான் கடையில் பழைய டிஸ்க்கை வாங்கி, அதைப் பழசாக்கிக் கொண்டுவந்திருக்கிறான்.

"எழுத்துதான் வேணும்னு உனக்கு வட்டம் போட்டு அனுப்பினேனே, அந்த எழுத்தையே உரிச்சுப்போட்டு வந்து நிக்கியே" என்று தொடங்கினேன். அப்புறம் என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. அந்தப் பட்டை போனதால் உள்ளே தூசி புகுந்திருக்கும், இனி இரண்டு டிஸ்க்கும் எதற்கும் ஆகாது, எது படத்தில் பார்த்த டிஸ்க், எது கடைக்காரன் தலையில் கட்டியது என்றுகூடத் தெரியாது என்று நடுரோட்டில் நின்று பொரிந்து தள்ளினேன். டாக்ஸிக்காரர் இறங்கி வந்து வேடிக்கை பார்த்தார். பையன் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டே நின்றான். நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது மெல்லச் சொன்னான்.

"புடிச்சு வச்சிட்டாவன்னா என்ன செய்யன்னுதான் அக்கா. எங்க அம்மைக்க சத்தம் அதுல தானே கெடக்கு."

பையில் ஒட்டிய விமானத்து ஸ்டிக்கரைக்கூட எடுக்காமல் நின்றான். அம்மையைப் பார்க்கப் போக வேண்டியவன் இங்கே நின்று என்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான்.

டிஸ்க்கைத் திருப்பினேன். கோபத்தில் அதுவரை மேல்பக்கத்தையே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். அடியில் பச்சை போர்டு அப்படியே இருந்தது. ஸ்டிக்கரை உரிக்கலாம், போர்டில் அச்சிட்ட எண்ணை யாரால் உரிக்க முடியும்? எனக்கு இந்த டிஸ்க்கின் உள்தகடு வேண்டவே வேண்டாமே, தூசி புகுந்தால் புகட்டும். போர்டு போதும். கண்ணைச் சுருக்கி முதல் டிஸ்க்கின் எண்ணைப் படித்தேன். கடைசி எண் ஒக்கவில்லை. கடைக்காரன் தலையில் கட்டியது அதுதான். இரண்டாவதைப் படித்தேன். ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. பிறகு கடைக்குள் கொடுத்து அங்கே இருந்தவரையும் படிக்கச் சொன்னேன்.

"அதே நம்பர் தன்னெ சேச்சி" என்றார் அவர்.

அந்தப் பையன் கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான். "இங்க இருக்காத. வீட்டுக்குப் போ மக்கா, அம்மை காத்திருக்கும். மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்று அவனை டாக்ஸியில் ஏற்றிவிட்டேன். திட்டியதற்கு ஒரு சாயா வாங்கிக் கொடுத்திருக்கலாம். அது வண்டி போன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

செல்போன் கடைக்காரர் நான் கொண்டுபோயிருந்த செத்த போர்டிலிருந்து சிப்பைச் சூடு காட்டி எடுத்து நல்ல போர்டில் ஒட்டினார். அரிசியளவு சாமான். அது கையிலிருந்து தெறித்து விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்து நான் வெளியே வந்து பஸ் பார்த்துக்கொண்டு நின்றேன். தெறிக்கவில்லை.

வீட்டில் கொண்டுவந்து திருகி, சர்வரில் செருகி, ஸ்விட்சைப் போட்டேன். வீட்டுக்காரர் கதவில் சாய்ந்து நின்றார். டிஸ்க் சுழலத் தொடங்கும்போது ஒரு மெல்லிய ஏற்றம் கேட்கும். ஒன்று, இரண்டு, பிறகு மூன்றாவது. மூன்றாவது விளக்கு பச்சையாக எரிந்தது. பெட்டி கொஞ்சம் முரண்டு பிடித்தது, வந்தவன் நம்ம ஆள்தான் என்று நான் திரையில் சொல்லிக் கொடுத்தேன், ஏற்றுக்கொண்டது. கல்யாணங்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. நான் அழுதேன், அதில் என்ன வெட்கம்.

இது எத்தனை நேரம் ஓடும் என்று நிச்சயமில்லை. உடனே எல்லாவற்றையும் வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும். கடியப்பட்டணத்தைத்தான் முதலில். எதில் மாற்றுவது என்று நான் திரும்புவதற்குள் வீட்டுக்காரர் பீரோவுக்கு மேலிருந்து அந்தப் புது டிஸ்க்கை எடுத்து நீட்டினார்.

"வேஸ்ட் ஒண்ணும் இல்லல்லா?" என்றார்.

"இல்ல" என்றேன். அதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது.

சர்வருக்கு நிரந்தரமான டிஸ்க்குகளை அதற்குப் பிறகு நிதானமாகத் தேடி வாங்கினேன். அதே வகைச் சொருகு, பழையதைவிட ஒரு துளிகூடக் குறையாத அளவு, ஒரே வேகம், பெட்டி ஏற்றுக்கொள்கிற மாடல். லேபிளோடு வந்தன. இப்போது எடுக்கிற எல்லாக் கல்யாணமும் இரண்டு இடத்தில் இருக்கிறது.

அந்த முழுக் கல்யாணத்தை எடிட் செய்ய உட்கார்ந்தபோது கை வழக்கம்போலப் பாட்டைத் தேடிப் போனது. எடுத்துவிட்டேன். பாத்திரம் உருளுகிற சத்தம், யாரோ இருமுகிற சத்தம், கடல் காற்று மைக்கில் அடிக்கிற சத்தம் எல்லாவற்றையும் அப்படியே விட்டேன். எங்கள் ஸ்டுடியோவிலிருந்து பாட்டே இல்லாமல் போன முதல் கல்யாணம் அது. அந்த அம்மை பேசிய இடங்களை மட்டும் தனியாகவும் சேர்த்தேன். முக்கால்வாசி ஏச்சுதான்.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறு அன்று மத்தியானம் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கடியப்பட்டணம் போனோம். கோயிலில் வாங்கிய குருத்தோலை கதவில் செருகியிருந்தது. அந்த அம்மை சுவரோரம் ஒரு சாய்வு நாற்காலியில் இருந்தார். வலது கை மடியில் கிடந்தது. வாய் கொஞ்சம் கோணியிருந்தது. எங்களைப் பார்த்தார், தெரிந்ததா தெரியவில்லையா என்று எனக்குப் புரியவில்லை. மகள் புருஷன் வீட்டிலிருந்து வந்து கூடவே இருந்தாள். மகன் லேப்டாப்பை அம்மைக்கு முன்னால் ஸ்டூலில் வைத்துவிட்டுத் தரையில் அவர் காலடியில் உட்கார்ந்தான்.

படம் ஓடியது. அந்தத் தொண்டை வீடு முழுக்க நிறைந்தது. பரிமாறுகிறவனை அதட்டினார். மகளுக்குத் தலையில் பூ சரியில்லை என்று அதட்டினார். மகன் சிரித்தான், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தான். அந்த அம்மை திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. இடது காதை அதன் பக்கம் சாய்த்து, யாரோ ஊர்க்காரி பேசுவதைக் கேட்பதுபோலக் கேட்டார். பிறகு திரையில் அவர் கேமராவுக்கு நேராக வந்து நின்றார்.

"ஏட்டி, அந்த எளவுப் பொட்டியத் தூக்கி வச்சிட்டு வந்து ரெண்டு வாய் சோறு தின்னு."

நாற்காலியில் இருந்த அம்மை திரும்பினார். கதவருகே நின்ற என்னைக் கண்ணால் தேடிப் பிடித்தார். உதடு துடித்தது. ஒரு பக்கம்தான் அசைந்தது.

"ஏ..." என்றார். மூச்சு இழுத்தார். "ஏட்டி."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அது என்று மகள் பிறகு சொன்னாள். அந்த அம்மை இடது கையைத் தூக்கினார். ஐந்து விரலையும் குவித்துத் தன் வாய்ப்பக்கம் கொண்டுபோய், பிறகு என்னை நோக்கி நீட்டினார்.

"சோறு இருக்கா?" என்று மகளைக் கேட்டேன்.

அவள் அழுதுகொண்டே அடுக்களைக்கு ஓடினாள். சோறும் மீன் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வந்தன. கல்யாணத்தன்று தின்னாமல் போன சோற்றை அந்த அம்மைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து தின்றேன். மறுசோறும் வாங்கினேன். எனக்கு வயிறு நிறைந்த பிறகும் அவர் நீட்டிய கையை இறக்கவில்லை.